பனிமலை பூட்ஸுக்கு ஒரு நம்பர் கூட

முகம் எனக்கு நினைவில் நிற்காது, கால்தான் நிற்கும். கல்யாண வீட்டில் ஒருவர் எதிரே வந்து "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டால், யாரென்று தெரியாமல் சிரித்துவைத்துவிட்டு மெல்லக் கண்ணைக் கீழே இறக்குவேன். அகலமான பாதம், இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், ஏழாம் நம்பர். அட, நம்ம தாலுகா ஆபீஸ்காரர். அதற்கப்புறம்தான் எனக்கு வாயில் பேச்சு வரும். இருபது வருஷம் செருப்புக் கடை வைத்திருந்தவனுக்கு வேறென்ன வியாதி வரும்?

நெல்லும் மணிலாக் கொட்டையும் போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. நான் திருவண்ணாமலைக்கு வந்து தேரடித் தெருவில் செருப்புக் கடை போட்டபோது, பங்காளிகள் ஒரு வருஷம் என் வீட்டுப் படி ஏறவில்லை. அப்புறம் அவர்கள் செருப்பும் அறுந்தது, வந்தார்கள். "செருப்பக் கழட்டிட்டு நடந்தா புண்ணியம்னு இருக்கற ஊர்ல செருப்பு விக்கறியே, மொட்டத் தலையனுக்குச் சீப்பு விக்கற மாதிரி" என்று கேலி செய்தவர்களுக்கு வியாபாரம் தெரியாது. கழற்றினால்தானே தொலையும்? தீபம் முடிந்த மறுநாள் காலையில் என் கடை வாசலில் வெறுங்காலோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோயில் வாசலில் செருப்பைப் பறிகொடுத்தவர்கள்தான் எனக்குப் படியளந்தார்கள்.

கடைக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கேட்கிற நம்பருக்கு ஒரு நம்பர் கூடக் கொடுப்பது. காலையில் வந்து வாங்குவார்கள், அப்போது கால் சுருங்கியிருக்கும். மத்தியான வெயிலில் நடந்தால் வீங்கும், சாயங்காலம் புதுச் செருப்பு கடிக்கும், மறுநாள் சண்டைக்கு வருவார்கள். இதை விளக்கிச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. "எனக்கு எப்பவும் எட்டுதான்" என்று சொல்வதில் மனிதனுக்கு ஒரு கௌரவம். அதனால் நான் வாதாடுவதில்லை. ஒன்பதை எடுத்து "இந்தாங்க எட்டு" என்று நீட்டிவிடுவேன். உள்ளூரில் தைத்த செருப்பில் நம்பர் அச்சடித்திருக்காது, நான் சொன்னதுதான் நம்பர். அளவெடுத்துத் தைக்கச் சொன்னால், பேப்பர்மேல் காலை வைக்கச் சொல்லி, முனை வெளியே போகிற மாதிரி பென்சிலைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றி வருவேன். அரை விரல் தன்னால் கூடிவிடும். இருபது வருஷத்தில் ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஆனி மாதம், வெள்ளைக்காரர் ஒருவர் கையில் ஒரு ஜோடி பூட்ஸோடு கடைக்குள் வந்தார். முப்பது தாண்டிய வயது, செம்பட்டைத் தாடி, நாலு முழ வேட்டி. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாலு வருஷமாக இருப்பவர். தெருவில் பார்த்திருக்கிறேன், அதாவது காலைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் வெறுங்கால்தான். டீக்கடையில் பொறுக்கியெடுத்த தமிழ் பேசுவார்.

"மொதலாளி, இதைக் கொஞ்சம் பெரிசு பண்ண முடியுமா?"

"என்ன தொரை, மிலிட்டரி பூட்ஸா?"

"மிலிட்டரி இல்லீங்க. பனிமலை பூட்ஸ். நாலு வருஷம் முன்னாடி சரியா இருந்துச்சி. இப்ப கால் உள்ள போவல."

ஒன்றை வாங்கித் தூக்கினேன், கை கீழே இறங்கியது. அவ்வளவு கனம். தடித்த தோல், கணுக்காலுக்கு மேல்வரை கயிறு, அடிப்பாகம் பலகை மாதிரி. இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்த்தேன், வளையவில்லை. குதிகாலில் பின்பக்கம் ஒரு பள்ளம் வேறு வெட்டியிருந்தது. வளையாத அடியை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி நடப்பான், அந்தப் பள்ளம் எதற்கு? எனக்கு அந்த இரண்டு கேள்வியும் தொண்டையில் வந்து நின்றுகொண்டன. அவர் காலைப் பார்த்தேன். விரல்கள் விசிறி போல அகன்று, குதிகாலில் வெடிப்பு ஓடி, முகம் எங்கோ பிறந்திருந்தாலும் கால் எங்கள் ஊர்க்காரனுடையதாக மாறிப்போயிருந்தது. நாலு வருஷம் வெறுங்காலோடு மலையைச் சுற்றினால் வேறு எப்படி ஆகும்?

"பனின்னா, மார்கழி மாசம் வுழுமே, அதானே?" என்றேன். "தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கிட்டாப் போவுது. அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய பூட்ஸ்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதேதான். ஆனா இடுப்பு வரைக்கும்."

அன்றைக்கு நான் வேறு வியாபாரம் பார்க்கவில்லை. அவரை ஸ்டூலில் உட்காரவைத்து டீ வரவழைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆல்ப்ஸ் மலைப்பக்கம் அவர் ஊர். அப்பாவும் அண்ணனும் பனிமலையில் ஆட்களை வழிகாட்டிக் கூட்டிப்போகிறவர்கள். கீழே வழுக்கிக்கொண்டு போக மட்டும் ஒரு விளையாட்டு இருக்கிறதாம், அதில் மேலே ஏற கம்பியில் தொங்கும் நாற்காலி உண்டாம். இவர்கள் செய்வது அதுவல்ல. நாற்காலி இல்லாத மலையில், காலில் நீளமான சறுக்குக் கட்டை கட்டிக்கொண்டு, ஏறுவதையும் தாங்களே ஏறி, இறங்குவதையும் அதே கட்டையில் இறங்குவார்கள். ஏறும்போது பூட்ஸின் முன்முனை மட்டும் கட்டையோடு பிடித்திருக்கும், குதிகால் ஒவ்வொரு அடிக்கும் தூக்கும். உச்சிக்குப் போனதும் ஒரு கம்பியைப் போட்டுக் குதிகாலையும் பூட்டிவிடுவார்கள். அந்தப் பள்ளம் அதற்குத்தான்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நடக்கவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும். ஒரே பூட்ஸுக்கு ரெட்டை உத்தியோகம். நான் அதுவரை விற்றதெல்லாம் முள் குத்தாமல் இருக்கத்தான்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். வழிகாட்டி வேலைக்கு அரசாங்கத் தேர்வு உண்டு. மற்றதையெல்லாம் இந்தியாவுக்கு வருமுன்பே தேறிவிட்டார். கடைசித் தேர்வு ஒன்று பாக்கி, ஏழு நாள் பனிமலையில் ஏறி இறங்க வேண்டும். வருகிற பங்குனியில் நடக்கிறது. அதைவிட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் என்றைக்கும் கிடையாது. அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, அண்ணன் ஒருத்தராகத் தவிக்கிறார், வா என்று கடிதத்துக்கு மேல் கடிதம். பூட்ஸ் சேராவிட்டால் தேர்வு இல்லை. தேர்வு இல்லாவிட்டால் அந்த வேலையும் அந்த ஊர் வாழ்க்கையும் இல்லை.

தோலை நனைத்து, பாதம் மாதிரி செதுக்கிய மரக்கட்டையை உள்ளே இறுக்கி மூன்று நாள் வைத்தேன். நாலாம் நாள் தையல் ஓரமாகத் தோல் வெடித்துவிட்டது. பயந்துகொண்டே காட்டினேன். அவர் வருத்தப்படவில்லை. "பரவால்லீங்க மொதலாளி" என்று தோளைத் தட்டினார். எவ்வளவு பெருந்தன்மை என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

விஷயத்தை அண்ணனுக்கு எழுதினார். ஆடி மாதம் ஒரு தடித்த கவர் வந்தது. உள்ளே பளபளப்பான தாளில் பூட்ஸ் படங்களும் சறுக்குக் கட்டைப் படங்களும். எது வேண்டும் என்று சொல்லி, கால் அளவையும் வரைந்து அனுப்பினால், வாங்கித் தை மாதம் ஆசிரமத்துக்கு வரும் ஒரு அம்மாளிடம் பூட்ஸைக் கொடுத்தனுப்புவதாக அண்ணன் எழுதியிருந்தார். கட்டை அங்கேயே தயாராக இருக்கும். பூட்ஸ் மட்டும் இங்கே வந்தாக வேண்டும், ஏனென்றால் புது பூட்ஸோடு நேரே தேர்வுக்குப் போனால் மூன்றாம் நாள் கால் பிய்ந்துவிடும். ஒரு மாதமாவது போட்டு நடந்து பழக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தை நான் எத்தனை தடவை புரட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. "இந்த ஊர்ல இதை எவன் வாங்கப் போறான்னு இப்பிடி கண்ண நட்டுக்கிட்டுப் பாக்கறீங்க?" என்றாள் என் மனைவி. பூட்ஸ் இரண்டு வகை. ஒன்று தோல். இன்னொன்று புதிதாக வந்திருக்கும் பிளாஸ்டிக். அப்போது எங்கள் ஊரில் பிளாஸ்டிக் வாளி வந்து பித்தளை வாளியை விரட்டிக்கொண்டிருந்த சமயம், எனக்கு பிளாஸ்டிக்மேல் ஏற்கெனவே கடுப்பு.

"பிளாஸ்டிக் கெட்டியா இருக்கும், தண்ணி உள்ள வராது. எறங்கறப்ப கட்டை சொன்ன பேச்சு கேக்கும்" என்றார் அவர்.

"ஒரு நாள்ல ஏறறது எவ்ளோ நேரம், எறங்கறது எவ்ளோ நேரம் தொரை?"

"ஏறறது அஞ்சு மணி நேரம். எறங்கறது முக்கால் மணி."

"அப்ப முக்கால் மணிக்காக அஞ்சு மணி நேரம் கால வதைக்கணுமா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஊர்லயும் எல்லாரும் அந்த முக்கால் மணிய நெனச்சித்தான் வாங்கறாங்க. கடையில நிக்கறப்ப யாருக்கும் ஏறறது ஞாபகம் வராது."

தோல் என்று முடிவானது. செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்ட முடியாது, தோல் என்றால் இந்த அகலக் காலுக்குக் கொஞ்சம் இணங்கிவரும் என்பது என் கட்சி. அதை அவரும் ஒத்துக்கொண்டார்.

கட்டை விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தலைக்கு மேல் ஒரு முழம் போகிற நீளமான ஒல்லிக் கட்டை ஒன்று, மோவாய் உயரத்தில் அகலமான கட்டை ஒன்று. அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. எனக்குத் தெரியாத ஒன்றை மற்றவன் வாயால் கேட்டுத் தலையாட்டுகிற பழக்கம் கிடையாது. தச்சரிடம் சொல்லி நீளப் பலகையில் இரண்டு ஜோடி அறுக்கவைத்தேன், ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒவ்வொன்றிலும் விற்காமல் கிடந்த செருப்பை முன்பக்கம் மட்டும் ஆணி அடித்தேன், குதிகால் தூக்க வேண்டுமே. ஊருக்கு வெளியே ஒரு ரைஸ் மில் பின்னால் மலைபோல உமி குவிந்து கிடக்கும். மில்காரர் எனக்குக் கடன்பட்டவர் இல்லை, ஒன்பதாம் நம்பர்க்காரர், அவ்வளவுதான். சரி என்றார்.

ஏறும்போது பின்னால் வழுக்காமல் இருக்கக் கட்டையின் அடியில் முடியுள்ள தோல் பட்டை ஒட்டுவார்களாம். மாட்டு முதுகில் கையை வைத்துத் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் இழுத்தால் முடி நிமிர்ந்து பிடிக்கும் இல்லையா, அதே சூட்சுமம். ஆம்பூரில் எனக்குத் தோல் கொடுப்பவரிடம் முடி எடுக்காத ஆட்டுத்தோல் வாங்கிவந்தேன். வீடு முழுக்க நாற்றம், மனைவி இரண்டு நாள் பேசவில்லை. பட்டையை அறுத்து நானே ஆணி அடித்தேன், நாலு கட்டையிலும் தலைகீழாக. அவர் உமிமேட்டில் பாதி ஏறினதும் நின்ற நிலையிலேயே சரசரவென்று பின்னால் இறங்கி வந்து என் காலடியில் உட்கார்ந்தார். "மொதலாளி, ஆடு பின்னால நடக்குது" என்றார். மில்லில் வேலை செய்த பெண்கள் முறத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

திருப்பி அடித்தபின் ஏறினார். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. காலைத் தூக்கவே இல்லை, கட்டையை உமிமேல் தள்ளிக்கொண்டே, குதிகால் மட்டும் மெத்தென்று எழுந்து இறங்க, வயலில் நீர் பாய்கிற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய வெள்ளைக்காரர், காலில் ஆட்டுமுடி. அந்த மனிதருக்கு அந்த வேலை எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நீளக் கட்டை நேர்க்கோட்டில் நன்றாகப் போனது, திரும்பும்போது உமிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது. குட்டைக் கட்டை மேலேயே மிதந்தது, இடுப்பை அசைத்தால் திரும்பியது. நானும் ஏறினேன். நாலு அடி ஏறி, ஒரு கட்டைமேல் இன்னொன்றை வைத்துக்கொண்டு, தலைகுப்புற உமியில் போனேன். மூன்று நாள் உடம்பு அரித்தது. குட்டைக் கட்டைதான் என்று அவர் முடிவு செய்தார், என் அரிப்பும் அதற்கு ஒரு காரணம் என்று சொன்னார்.

புரட்டாசியில் அளவெடுத்தோம். மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம். தினசரிப் பேப்பரை விரித்து அவரை நிற்கச் சொன்னேன். நான் குந்தி உட்கார்ந்து, கை பழகின வாக்கில், பென்சிலைச் சாய்த்துச் சுற்றி வந்தேன். நீளத்தை அளந்து ஓரத்தில் எழுதும்போதும் ஒரு நம்பர் கூட்டி எழுதினேன். வெயில் நேரம், நடக்கிற கால், கடிக்கக் கூடாது. அந்தக் கால் போகப்போகிற ஊரில் வெயிலே கிடையாது, குளிரில் கால் வீங்காது, சுருங்கும் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை. இத்தனை மாதம் அவரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டவன், கேட்க வேண்டிய அந்த ஒன்றைக் கேட்கவில்லை. அவர் மேலேயிருந்து என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பேப்பரை மடித்துக் கவரில் போட்டு, தானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.

பொங்கல் கழிந்து பூட்ஸ் வந்தது. வெண்ணெய் போலத் தோல், மஞ்சள் கயிறு. நான் முகர்ந்தே பார்த்தேன். மலை சுற்றுகிற பாதையில் பூட்ஸ் காலோடு நடக்க அவருக்கு மனம் வரவில்லை, அதனால் தினமும் வேங்கிக்கால் ஏரிக்கரைக்குப் போய் நடந்தார். மாடு மேய்த்தவர்கள் மிலிட்டரி ஆள் சேர்க்க வந்துவிட்டதென்று பேசிக்கொண்டார்களாம். நாலாம் நாள் கடைக்கு வந்து பூட்ஸைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் எட்டணாக் காசு அகலத்துக்குக் கொப்புளம், ஒன்று உடைந்து ரத்தம் கசிந்திருந்தது.

கால் என் தொழில். இறுக்கமான செருப்பு விரலைக் கடிக்கும், பெரிய செருப்பு குதிகாலைத் தின்னும். உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், என் ஆள்காட்டி விரல் தாராளமாகப் போய் வந்தது. குதிகால் தூக்கித் தூக்கி உரசியிருக்கிறது. ஏழு நாள் இதைப் போட்டுக்கொண்டு மலை ஏறினால் எலும்புதான் மிஞ்சும். "பழகிடும் தொரை" என்று வாய் சொன்னது. அந்தப் பொய்யை நான் சொன்ன விதம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

பத்து நாள் அப்படியே போனது. அவர் வரும்போதெல்லாம் கொப்புளம் பெரிதாகியிருந்தது, அவர் முகம் தெளிவாகிக்கொண்டே வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னவென்று கேட்டாள், சொன்னேன். "ஒரு நம்பருக்கா இந்தப் பாடு? ஒரு மனுஷன் பொழப்பு போவுதில்ல? போயி சொல்லிட்டு வாங்க, அப்பறமா சாப்பாடு" என்று தட்டை எடுத்துவிட்டாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போனேன். அறை வாசலில் வெறுங்காலை வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தொரை, ஒரு தப்பு பண்ணிட்டேன். அன்னிக்கு அளவெடுக்கறப்ப பென்சில சாய்ச்சிப் புடிச்சேன். ஒரு நம்பர் ஜாஸ்தி போட்டு எழுதிட்டேன். கடையில எல்லாருக்கும் அப்பிடித்தான் பண்றது. உங்களுக்கும் பண்ணிட்டேன்."

"தெரியுங்க" என்றார்.

"என்ன தெரியும்?"

"பென்சில் சாஞ்சிது. நான் பாத்தேன். பூட்ஸுக்கு அளவு எடுத்தா பென்சில் நேரா நிக்கணும், அது எங்க வீட்டுல கொழந்தைக்குக் கூட தெரியும். தெரிஞ்சிதான் கவர்ல போட்டேன்."

"தெரிஞ்சி எதுக்குப் போட்டீங்க?"

"பூட்ஸ் சேரலன்னா போவ வேணாம் இல்ல? அண்ணனுக்கு எழுதிடலாம், கால் மாறிப்போச்சி, வர முடியலன்னு. எனக்கு இஷ்டம் இல்லன்னு எழுதினா அவனுக்குக் கோவம் வரும். கால் மேல யாரு கோவப்படுவாங்க?"

எனக்கு வந்ததே கோபம். என் பங்காளிகளிடம்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. "பத்து நாளா எனக்கு சோறு எறங்கல தொரை! செருப்புக் கடைக்காரன் தலையில பழியப் போட்டுட்டு நீங்க வெயில்ல காலு நீட்டிக்கலாம்னு பாத்தீங்களா? போவ வேணாம்னா வேணாம்னு வாயத் தொறந்து சொல்லுங்க. என் பென்சில எதுக்கு இழுக்கறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குதிகால் வெடிப்பை விரலால் நிரடிக்கொண்டே, "பயமா இருக்குங்க" என்றார். "அங்க போனா நான் முன்னால போவணும். பத்து பேரு என் பின்னால வருவாங்க. பனி சரியும், தெரியுங்களா? நான் கால் வைக்கற எடத்துலதான் அவங்களும் வைப்பாங்க. இங்க மலைய சுத்தறப்ப நான் யாருக்கும் முன்னால இல்ல."

உமிமேட்டில் அவர் ஏறிய அழகைப் பார்த்தவன் நான். இவ்வளவு தெரிந்தவனுக்கு இவ்வளவு பயமா என்றுதான் முதலில் தோன்றியது. சைக்கிளை மிதித்துத் திரும்பும்போதுதான், தெரிந்தவனுக்குத்தான் அது வரும் என்று புரிந்தது. பூட்ஸை நான் கேட்காமலே எடுத்து கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். போவதும் இருப்பதும் அவர் பாடு. ஆனால் என் கையால் வந்த பிழை அந்தத் தராசில் ஒரு பக்கம் உட்காரக் கூடாது.

ஐந்து நாள் வேலை. மனைவி பழைய கம்பளி ஒன்றைக் கொடுத்தாள். அதைச் சுடுநீரில் போட்டுக் கசக்கிச் சுருக்கி, கெட்டியாக்கி, பாதத்தின் அடிக்கு இரண்டு அடுக்கு வெட்டினேன். குதிகாலுக்கு இரு பக்கமும் சைக்கிள் டியூப் ரப்பரைப் பிறை மாதிரி செதுக்கி, கணுக்கால் எலும்புக்குக் கீழே இருக்கும் குழியில் போய் உட்காருகிற மாதிரி ஒட்டினேன். கயிறு கட்டும் இடத்தில் நாக்கு மாதிரித் தொங்கும் தோலுக்கு அடியில் ஒரு அடுக்கு. விரலுக்கு முன்னால் மட்டும் இடம் விட்டேன், இறங்கும்போது விரல் இடிக்கக் கூடாது என்று அவர் முன்பு சொல்லியிருந்தார். அளவுக்கு அவரைக் கூப்பிட்டு மறுபடி வரைந்தேன், பென்சிலைத் தூண் மாதிரி நிறுத்தி. அவரும் மறுக்காமல் வந்து நின்றார்.

புண் ஆறியதும் ஒருநாள் காலையில் போட்டுப் பார்க்க வந்தார். கயிற்றைக் கீழிருந்து ஒவ்வொரு கொக்கியாக இழுத்துக் கட்டினார். எழுந்து நின்று முன்விரலில் எக்கினார். நான் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தேன். குதிகால் நூலளவு அசையவில்லை. குதித்தார், அசையவில்லை. கடைக்குள்ளேயே நாலு நடை நடந்தார், பலகைத் தரை அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, வாய் காதுவரை போயிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் அவர் கண் நிறைந்திருந்தது.

"மொதலாளி, இதைக் கொஞ்சம் சேராம பண்ண முடியுமா?"

கேலிபோலத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்த நிமிஷம் நான் "இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பார், எனக்கு அது நன்றாகத் தெரியும். அவர் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவர் என்னை யோசிக்க வைத்த மாதிரி என் கடை ஸ்டூலில் உட்கார்ந்த வேறு யாரும் வைத்ததில்லை.

"சேர்ற மாதிரி பண்ணத்தான் எனக்குத் தெரியும் தொரை" என்றேன்.

அவர் ஜெயித்தாரா என்று கேட்பீர்கள். ஜெயித்தார். ஆனியில் கடிதம் வந்தது, கோட்டில் சின்னம் குத்திய படத்தோடு. அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒன்று வரும், எண்பதுகளின் நடுவில் நின்றுபோனது. எனக்கு அந்தக் கடிதங்கள் அவ்வளவாக நினைவில்லை. நினைவில் இருப்பது மாசிக் கடைசியில் அவர் கிளம்பிய காலைதான்.

மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட நானும் மனைவியும் போயிருந்தோம். அவரிடம் இருந்ததே ஒரு ஜோல்னாப் பை, பூட்ஸுக்கு அதில் இடமில்லை என்று காலிலேயே போட்டுக்கொண்டு வந்தார். வேட்டிக்குக் கீழே அந்தப் பூட்ஸைப் பார்த்து பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, நெற்றியில் வேர்வை ஓடியது. "கழட்டி வெச்சிட்டு ஒக்காருங்களேன், அவிஞ்சிடப் போறீங்க" என்று என் மனைவி ஜன்னல் வழியாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினாரே தவிரக் குனியவில்லை. டிரைவர் வந்து உட்கார்ந்தார், கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் நகர்ந்தது. அதுவரை அவருடைய இரண்டு கையும் முட்டிமேலேயே இருந்தன. ஒரு முடிச்சை அவிழ்த்திருந்தாலும் இறங்கியிருப்பார்.